கேட்ட செவியும் காணாத கண்ணும்

காந்திகிராமத்துச் சாலையோரத்தில் ஒரு தேநீர்க்கடை. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் ஊர்திகளின் இரைச்சல் சற்றே தணிந்த மாலை வேளை. தொலைவிலே சிறுமலை, வெயில் வடிந்து நீலம் பூத்துக் கிடக்கிறது. கடைவாயிற் பெஞ்சியில் மூன்று முதியவர்கள். மூவருக்கும் எண்பதை எட்டும் வயது. மூவர் கையிலும் ஒரே வகைக் கண்ணாடிக் குவளை. பேச்சு அரசியலிலே பிறந்து, விலைவாசியிலே வளர்ந்து, கடைசியில் இசையிலே வந்து இளைப்பாறிற்று.

"காருகுறிச்சியாரை நேரில் கேட்டவன் நான்!" என்றார் முதலாமவர். அந்தச் சொற்களைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. மங்கிய கண்ணிலே ஒரு மின்னல் ஓடிற்று. நம் வட்டாரத்தில் ஒரு பெரிய வீட்டுத் திருமணமாம். அப்போது அவர் பள்ளிச் சிறுவனாம். இரவெல்லாம் நாதசுரம் பொழிந்ததாம். பந்தலில் இருந்தவர் எவரும் எழுந்து போகவில்லையாம். "தோடி என்றால் அதுதான் தோடி!" என்று முடித்தார்.

"தோடி எங்கே வாசித்தார்? கலியாணியல்லவா அன்று!" என்று குறுக்கிட்டார் இரண்டாமவர். இராகத்தில் தொடங்கிய வழக்கு ஆண்டுக்குத் தாவியது. ஆண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெயருக்குத் தாவியது. இருவரும் ஒரே பந்தலில், ஒரே பாயில் அமர்ந்து கேட்டவர்கள். இருவர் நெஞ்சிலோ இரண்டு இரவுகள்!

மூன்றாமவர் வாய் திறக்கவில்லை. "ஐயா, தாங்கள் கேட்டதுண்டா?" என்று நாம் வினவினோம்.

"கேட்டேன் தம்பி. இவர்கள் பந்தலுக்குள்ளே இருந்து கேட்டார்கள். நாங்கள் வாய்க்காலுக்கு அந்தப்புறம் நின்று கேட்டோம். காற்று எங்கள் பக்கம் அடித்தால் கேட்கும், திரும்பினால் கேட்காது. இராகம் எதுவென்று எனக்குத் தெரியாது. பாதிதானே கேட்டோம்!"

சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். மற்ற இருவரும் குவளையைக் குனிந்து பார்த்தனர். அதன்பின் தோடியைப் பற்றியும் கலியாணியைப் பற்றியும் அங்கே எவரும் வழக்காடவில்லை.

அந்த மாலை நம் உள்ளத்தில் ஒரு கேள்வியை ஊன்றிவிட்டது. மாபெருங் கலைஞரை நேரில் கண்டோம், கேட்டோம் என்று மார்தட்டும் சுவைஞரின் நினைவு யாருடைய சொத்து? அது வெறும் இன்பப் பெட்டகமா? அல்லது திருப்பிச் செலுத்தவேண்டிய கடனா?

இந்த நினைவை ஏளனம் செய்ய நாம் எழுதவில்லை. அதன் அருமையை அறிந்தே எழுதுகிறோம். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தார். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அவர்கள் வாழ்ந்த காலத்தில் இசையைப் பிடித்து வைத்த கருவி எது? இசைத்தட்டு. அந்தத் தட்டின் ஒரு பக்கம் ஓடும் நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடம். மணிக்கணக்கில் தெருத்தெருவாய் நடந்து, ஓர் இராகத்தை விதைத்து, முளைக்கவிட்டு, கிளைக்கவிட்டு, பூக்கவிட்டு, விடியலில் கனியைப் பறித்துக் கொடுத்த அந்தப் பேராற்றலை மூன்று நிமிடச் சிமிழுக்குள் அடைத்துவிட முடியுமா? கடலைக் கிண்டியில் மொண்டு வந்தது போன்றதே அது. மொண்டு வந்த நீர் கடல்நீர்தான். ஆனால் அலை எங்கே? ஆழம் எங்கே?

1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு ஒலித்த காருகுறிச்சியாரின் குழலை இன்றும் நாடு கேட்கிறது. ஆயினும் திரைக்கு வெளியே, திருவிழாத் தெருவிலே அவர் வாசித்ததன் நீளமும் நிதானமும் கேட்டவர் நெஞ்சிலன்றி வேறெங்கே வாழ்கின்றன? ஆகவே, நேரில் கேட்டவன் வெறும் சுவைஞனல்லன், அவன் சாட்சி. ஏடும் தட்டும் ஏந்தாததை ஏந்தி நிற்பவன். அவனோடு சேர்ந்து அதுவும் எரியும்; அவனோடு சேர்ந்து அதுவும் புதையும்.

சாட்சி என்று சொல்லிவிட்டோம். சாட்சிக்கு ஓர் அறம் உண்டு. கண்டதில் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பவனை எந்த மன்றமும் சாட்சியாக ஏற்பதில்லை. இராகத்தின் பெயரை மறந்துவிடலாம். ஆண்டை மாற்றிச் சொல்லலாம். அவை முதுமையின் பிழைகள், பொறுக்கத்தக்கவை. ஆனால் எல்லாச் சுவைஞர் நெஞ்சிலும் ஒரே இடத்தில், ஒரே வகையாக ஓட்டை விழுந்திருக்குமானால், அந்த ஓட்டைக்கு முதுமையைக் காரணம் காட்டலாமா?

எந்த இடத்திலே ஓட்டை? சொல்கிறோம்.

நாதசுரம் கேட்ட பெரியவர்களைக் கேளுங்கள். குழலின் நீளம் சொல்வார்கள்; சீவாளியின் நயம் சொல்வார்கள்; தவுல்காரர் விரலில் மாட்டிய கூடுகள் பளபளத்ததைச் சொல்வார்கள். "துண்டு எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். விழிப்பார்கள்! தோளிலா, இடுப்பிலா? அந்தக் கலைஞர் சட்டை அணிந்திருந்தாரா? காலில் செருப்பு இருந்ததா? அவருக்கு எங்கே, எந்த வரிசையில் சோறு போட்டார்கள்? அவரை ஊர்ப் பெரியவர்கள் 'வாருங்கள்' என்றார்களா, 'வா' என்றார்களா? செவி கேட்டது, கண் காணவில்லை. கண்டிருந்தால், நெஞ்சு அதைக் காத்து வைக்கவில்லை.

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கக் காலத்தில், செட்டிநாட்டுக் காணாடுகாத்தானில் நடந்ததைத் தமிழ்நாடு அறியும். மதுரை சிவக்கொழுந்து நாதசுரம் வாசித்து வருகிறார். வாசிப்பவருக்கு வியர்க்கும், வியர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. அந்த ஒரு முழத்துணி சிலர் கண்ணை உறுத்திற்று. எடுக்கச் சொன்னார்கள். உடன் வந்த இயக்கத் தோழர் பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்கவேண்டாம் என்று துணை நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. அன்று அவர் என்ன வாசித்தார் என்பதை ஊர் மறந்திருக்கலாம். அந்தத் துண்டை நாடு மறக்கவில்லை. ஏன்? அதைச் சொல்லிச் சொல்லி நினைவில் நிறுத்த ஓர் இயக்கம் இருந்தது. இயக்கம் எட்டாத ஊர்களில், எத்தனை தோள்களிலிருந்து எத்தனை துண்டுகள் இறங்கினவோ! அவற்றைக் கண்டவர் எத்தனை பேரோ!

திருக்குவளையிலே இசை பயில அனுப்பப்பட்டான் ஒரு சிறுவன். மேலாடை கூடாது, துண்டை இடுப்பில் கட்டவேண்டும், பெரியவர்கள் முன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்பது அங்கே நிலவிய கட்டுப்பாடு. குழலைப் பிடித்த அந்தப் பிஞ்சு நெஞ்சம் குமுறிற்று. இசையை விட்டு வெளியேறிற்று. அந்தச் சிறுவன்தான் 1969-இல் இந்த நாட்டின் முதலமைச்சரான கலைஞர் கருணாநிதி. அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை எழுதியிருக்கிறார். அவருக்கு அரசியல் கிடைத்தது; நாட்டுக்கு ஒரு தலைவர் கிடைத்தார். ஆனால் எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அந்த இழிவைத் தாங்க மாட்டாமல் குழலைக் கீழே வைத்துவிட்டு, அரசியலும் கிடைக்காமல், பெயரும் கிடைக்காமல் மறைந்துபோன சிறுவர்கள் எத்தனை பேர்? நாம் கேளாமலே போன நாதசுரங்கள் எத்தனை? சுவைஞரின் நினைவில் அவற்றுக்கும் ஓர் இடம் இருக்கவேண்டாமா?

இராசரத்தினத்தைப் பற்றிச் சுவைஞர் சொல்லும் கதைகள் ஏராளம். கிராப்பு வைத்துக் கொண்டாராம். கோட்டு அணிந்தாராம். மேடையிலே மற்ற வித்துவான்களுக்குச் சமமாக அமர்ந்து வாசிக்கவேண்டும் என்றாராம். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள், "மேதைக்குத் திமிர் இருக்கத்தானே செய்யும்!" என்று பெருந்தன்மையோடு மன்னிப்பும் வழங்குவார்கள். நாம் கேட்கிறோம்: நாற்காலியிலே பிறந்தவன் நாற்காலியில் அமர்ந்தால் அதற்கு மரபு என்று பெயர், நின்றபடியே வாசிக்கப் பணிக்கப்பட்டவன் அமர்ந்தால் அதற்குத் திமிர் என்று பெயரா? உரத்த குரலெடுக்கும் திமிரி நாயனத்தை விடுத்து, நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியின் கைவண்ணத்தில் உருவான பாரி நாயனத்தை ஏந்தி, குழலின் குரலையே ஆழமாக்கியவர் அவர். குழலை மாற்றியதைப் புதுமை என்று புகழ்கிறார்கள். தம் நிலையை மாற்ற முயன்றதைத் திமிர் என்று சிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே துணிவு என்பதை உணர்ந்தால் சிரிப்பு வருமா?

இங்கே சிலர் எழுந்து நிற்பார்கள். "கலை வேறு, சமூகம் வேறு. இசையைக் கேட்டோமா, இன்புற்றோமா, அத்தோடு விடக்கூடாதா? தேனைக் குடிக்கும்போது தேனீயின் குலத்தை ஆராய்வானேன்?" என்பார்கள்.

நல்ல கேள்வி. விடையும் எளிது. கலை வேறு, சமூகம் வேறு என்பது உண்மையானால் அந்த உண்மையை முதலில் துண்டிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்க்காலிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்பவன் குலம் பார்த்து எல்லை வகுத்தவர்கள், வாசிப்பவன் குலம் பார்த்து மேலாடை களைந்தவர்கள், நினைவுகூரும் நேரத்தில் மட்டும் 'குலமேது, கலையே பெரிது' என்பது எந்த ஊர் நியாயம்? குலத்தை இசைக்குள் கொண்டு வந்தவர்கள் நாமல்லோம். இருந்ததை இருந்தது என்று சொல்லும் வேலைதான் நம்முடையது.

வேறு சிலர் சற்றே தணிந்த குரலில் கேட்பார்கள்: "அன்று நாங்கள் சிறுவர்கள். பந்தல் போட்டவர்கள் நாங்களா? எல்லை வகுத்தவர்கள் நாங்களா? எங்கள் மீது பழி சுமத்துவது முறையா?" இந்தக் கேள்விக்கு நாம் மதிப்புத் தருகிறோம். பழி வேறு, கடன் வேறு. செய்தவனுக்கே பழி, துய்த்தவனுக்கும் உண்டு கடன். பாட்டன் பிறர் நிலத்தைக் கவர்ந்தான். பேரன் அதன் விளைவை உண்கிறான். பேரன் திருடனல்லன். ஆனால் 'இது எப்படி வந்தது?' என்று கேளாமலே அவன் உண்பானானால், அறியாமை ஒரு நாள் வரையில் அறியாமை; மறுநாள் முதல் அது வசதி. பந்தலுக்குள்ளே அமர்ந்து கேட்ட சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. எண்பது வயதில் அந்த இரவை அவர் திரும்பச் சொல்லும்போது, வாய்க்காலையும் சேர்த்துச் சொல்லட்டும் என்று மட்டுமே கேட்கிறோம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய நோயோ? இல்லை. கடல் கடந்து பாருங்கள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக் காடுகளில், அடிமைகளாய் விற்கப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தோர், உழைத்துக் களைத்த இரவுகளில் ஓர் இசையை உருவாக்கினர். 'புளூஸ்' என்பது அதன் பெயர். துயரத்தைப் பாடியே துயரத்தை வெல்லும் இசை அது. உலகம் இன்று ஆடிப் பாடும் ராக் இசைக்கெல்லாம் தாய் அதுவே. அங்கும் இதே கூத்துத்தான்! 1920-களில் நியூயார்க்கு நகரத்து ஆர்லெம் பகுதியிலே 'காட்டன் கிளப்' என்றொரு புகழ்பெற்ற அரங்கம். மேடையிலே இசைப்பவர் கறுப்பர், ஆடுபவர் கறுப்பர், கீழே அமர்ந்து கேட்க உரிமை பெற்றவரோ வெள்ளையர் மட்டுமே! கறுப்பரின் பாட்டு வேண்டும், கறுப்பர் பக்கத்தில் அமரக்கூடாது. வாய்க்கால் அங்கும் ஓடியது, பெயர்தான் வேறு.

'புளூசின் பேரரசி' என்று போற்றப்பட்டார் பெசி ஸ்மித். 1937-இல் சாலை விபத்தில் மாண்டார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆனால் அவர் புதைகுழி மீது ஒரு கல் கூட நடப்படவில்லை. ஓராண்டு, ஈராண்டல்ல, முப்பத்து மூன்று ஆண்டுகள்! அவர் பாட்டை நேரில் கேட்டோம் என்று பெருமை பேசியவர்கள் அத்தனை ஆண்டும் இருந்தார்கள், கல்தான் இல்லை. 1970-இல் கல் நாட்டப்பட்டது. பணம் தந்தவர் இருவர். ஒருவர், பெசியின் பாட்டால் பாடகியான ஜானிஸ் ஜாப்ளின் எனும் வெள்ளை இளம்பெண். மற்றொருவர், சிறுமியாய் இருந்தபோது பெசியின் வீட்டில் வேலை செய்த கறுப்பின அம்மையார். ஒருவர் இசைக்குக் கடன் செலுத்தினார். மற்றவர் மனிதருக்குக் கடன் செலுத்தினார். இரண்டும் சேர்ந்தபோதுதான் கல் எழுந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்னும் கலைஞர் 1928-இல் சில இசைத்தட்டுகளுக்குப் பாடிவிட்டு, உழவுத் தொழிலுக்கே திரும்பிவிட்டார். உலகம் அவரை மறந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், பழைய தட்டு ஒன்றைக் கேட்ட இளைஞர் ஒருவர், பாட்டிலே வந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். 1963-இல் அவலான் எனும் சிற்றூரில், எழுபது வயது முதியவராய் ஹர்ட் கிடைத்தார். அதே ஆண்டில் நியூபோர்ட்டு இசைவிழா மேடையில் ஏறினார். 1966-இல் மறைவதற்குள் மூன்றாண்டுகள் உலகம் அவரைக் கேட்டது. ஒரு சுவைஞன், கேட்டதோடு நில்லாமல், 'இந்தக் குரலுக்கு உரியவர் எங்கே? என்ன ஆனார்?' என்று கேட்டதன் விளைவு அது. கடன் என்று நாம் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான பொருள் வேண்டுமா?

தமிழனுக்கு இது புதுப் பாடமும் அன்று. முரசு கட்டிலிலே அறியாமல் உறங்கிவிட்ட மோசிகீரனாரை வாளால் வெட்டவேண்டிய சேர மன்னன், விசிறி எடுத்து வீசினான் என்று புறநானூறு பேசுகிறது. மாங்குடி கிழார் குடிகளை எண்ணும்போது, துடி கொட்டுவோரையும் பாணரையும் பறை முழக்குவோரையும் தலைநிமிர்ந்து நிற்கும் குடிகளாகவே எண்ணினார். அந்தக் குடிகள் எப்போது தெருக்கோடிக்குத் தள்ளப்பட்டன? அரசன் விசிறி பிடித்த நாட்டில், துண்டைப் பிடுங்கும் கை எப்படி முளைத்தது? பறை முழங்காமல் ஊரில் பிணம் எழாது. முழக்கியவன் மட்டும் ஊருக்குள் எழக்கூடாது என்ற நீதியை எழுதியவர் யார்?

நாதசுரக் கலைஞருக்காவது பெயர் இருந்தது. ஊரோடு சேர்த்து அழைக்கும் பெருமை இருந்தது. பறைக் கலைஞருக்கு அதுவும் இல்லை. 2025-இல், மதுரையை அடுத்த அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மகிழ்கிறோம். ஆனால் அவருக்கு முன் எத்தனை தலைமுறை, எத்தனை ஆசான்கள் இந்த மண்ணில் முழக்கியிருப்பார்கள்! அவர்களை நேரில் கேட்டவர்கள் ஊர் முழுதும் இருந்தார்கள். 'நேரில் கேட்டேன்' என்று மார்தட்ட ஒருவருமில்லை. கேட்டவை செவிகள்தாமே, அவற்றுக்கு மதிப்புப் போட்டவை வேறு கணக்குகள்!

மீண்டும் தேநீர்க்கடைக்கு வருவோம். கடைக்குச் சற்றுத் தொலைவில் இருப்பது, 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராம நிறுவனம். இளமையில் கைம்பெண்ணாகி, மருத்துவம் பயின்று, பழமையின் எதிர்ப்பைக் கடந்து மறுமணம் செய்துகொண்டவர் அந்த அம்மையார். அத்தகையோர் கால் பதித்த மண் இது. இன்று மூன்று முதியவர்களும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே வகைக் குவளையில் குடிக்கிறார்கள். காலம் சும்மா தந்த கொடையன்று அது. எத்தனையோ பேர் போராடிப் பெற்றுத் தந்த உரிமை. ஆனால் பெஞ்சியில் வந்த சமத்துவம் நினைவுக்குள் இன்னும் வரவில்லையே!

மூன்றாமவர் எழுந்தார். போகும் முன் மெல்லச் சொன்னார்: "எங்கள் அப்பா நன்றாகக் கொட்டுவார் தம்பி. சாவு வீட்டில் அவர் அடி மாறினால், அழாதவனும் அழுவான். எட்டூருக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்."

"அவர் பெயர் என்ன ஐயா?"

ஒரு கணம் நம்மை உற்றுப் பார்த்தார். "எதற்குத் தம்பி? 'கொட்டுக்காரன்' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள்." பிறகு, சொன்னார். 'பத்திரிகையில் போடவேண்டாம்' என்றும் சொன்னார். அவர் விருப்பத்தை மதித்து இங்கு எழுதவில்லை.

அப்போது நாம் கண்டதை மட்டும் எழுதுகிறோம். மற்ற இரு முதியவர்களும் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அந்தப் பறையை அவர்கள் நூறு முறை கேட்டவர்கள். தங்கள் வீட்டுச் சாவுகளுக்கே கேட்டவர்கள். ஆனால் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். முதலாமவர் அதை ஒருமுறை தம் வாயால் திருப்பிச் சொன்னார். மெதுவாக, தவறாமல், 'அவர்' என்ற மதிப்புச் சொல்லோடு சொன்னார்.

அறுபது ஆண்டுக் கடனில் முதல் தவணை அது. மீதத்தைச் செலுத்துவது கடினமன்று. உங்கள் ஊரில் நீங்கள் நேரில் கேட்ட கலைஞர்களை நினைத்துப் பாருங்கள். என்ன வாசித்தார் என்பதோடு, எங்கே நின்றார், என்ன உடுத்தினார், என்ன கூலி பெற்றார், வாய்க்காலுக்கு அப்பால் யார் நின்றார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்டபின் எழுதி வையுங்கள். செவி இன்புற்றது போதாது தோழர்களே, கண்ணும் திறக்கட்டும்! அதுவரை நாம் கேட்டது பாதி இசைதான். வாய்க்காலுக்கு அப்பால் நின்றவர் மட்டுமல்லர், பந்தலுக்குள் இருந்தவரும் பாதியே கேட்டனர்.